பாதி வீட்டைக் காணோம்

“பாதி வீட்டைக் காணோம்!”

பல் துலக்கிக்கொண்டிருந்த பெண்ணை அழைத்து ஒரு கல்லூரி இப்படியா பேச்சைத் தொடங்கும்?

“ஹலோ... யாரு?”

“கட்டடக்கலைக் கல்லூரி, சேர்க்கை அலுவலகம். நீ வரைஞ்சு அனுப்பின நாலாவது படத்துல வாசல் இருக்கு, வராந்தா இருக்கு, மாடியைக் காணோம். ஸ்கேன் பண்றப்போ தாளை நேரா வைக்க மாட்டியா? மறுபடி அனுப்பு. இன்னைக்கே!”

அழைப்பு துண்டிக்கப்பட்டது. மகள் வாய் நிறைய நுரையுடன் கூடத்துக்கு வந்தாள்.

“அந்தச் சிடுமூஞ்சி மறுபடியும் கூப்பிட்டுச்சுப்பா. போன வாரம் போட்டோல என் முகம் பேய் மாதிரி இருக்குன்னுச்சு. இன்னைக்குப் பாதி வீட்டைக் காணோமாம். அங்க எனக்கு இடம் கிடைச்ச மாதிரிதான்!”

“அதை விட்டுத் தள்ளும்மா. கல்லூரின்னா இதுதான் கல்லூரி!”

அப்பா கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுவந்து, செய்தி வாசிப்பவரின் கம்பீரத்துடன் படித்தார். அது அவள் விண்ணப்பித்திருந்த மற்றொரு கல்லூரி, பெரிய கல்லூரி.

“ ‘அன்பு மாணவரே! உங்கள் கனவுகள் எங்களை வியக்க வைக்கின்றன. எங்கள் குடும்பத்தில் உங்களுக்காக ஒரு நாற்காலி காத்திருக்கிறது!’ பார்த்தியா? நாற்காலியே போட்டுட்டாங்க. நீ போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி.”

சாவிக்கொத்துடன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா நின்றாள். வீட்டுத் தரகு அவள் தொழில்.

“அந்தச் சிடுமூஞ்சி கேட்டதைத் திரும்பச் சொல்லுடி.”

சொன்னாள். அம்மாவின் முகம் மலர்ந்தது.

“வீடு பார்க்க வர்றவங்கள்ல, ‘ஆஹா என்ன காத்து, என்ன வெளிச்சம்’னு சொல்றவங்க படி இறங்கினதோட சரி. குழாயைத் திறந்து பார்த்து, ‘இந்தக் கதவு ஏன் முனகுது’ன்னு சண்டைக்கு வர்றவங்கதான் அட்வான்ஸ் கொடுப்பாங்க. அந்தம்மா குழாயைத் திறக்குதுடி!”

“நான் என்ன வாடகை வீடாம்மா?”

“வாடகை வீடா இருந்தா இந்நேரம் தள்ளி விட்டிருப்பேனே! போ, போய் மாடியை அனுப்பு.”

அம்மாவுடன் காலி வீடுகளில் சுற்றி, எந்தச் சுவரைத் தள்ளினால் வெளிச்சம் வரும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த பெண் அவள். வேறு எந்தப் படிப்புக்கும் அவள் விண்ணப்பிக்கவில்லை. கல்லூரிகளும் இந்த இரண்டே இரண்டுதான். ஆகவே, முணுமுணுத்துக்கொண்டே மாடியை அனுப்பினாள்.

பெரிய கல்லூரியின் அன்பு நாளொரு செய்தியாகப் பொழிந்தது.

“ ‘எங்கள் வளாகத்து மரங்கள் உங்கள் பெயரைக் கேட்கின்றன!’ ” என்று வாசித்த அப்பா உருகிப்போனார். “மரமே பேர் கேக்குதே!”

“மரத்துக்குத் தெரியல, சரி. ஆபீஸுக்காவது தெரியுமா?” என்றாள் அம்மா. “எல்லாத்துலயும் ‘அன்பு மாணவரே’ன்னுதானே இருக்கு?”

“உனக்கு எதுலயும் குற்றம் கண்டுபிடிக்கணும்.”

சிடுமூஞ்சி மறுபடியும் அழைத்தார்.

“பள்ளிச் சான்றிதழ்ல முத்திரை அரைகுறையா இருக்கு. தேய்ச்சு விட்டது யாரு, நீயா?”

மகளுக்குப் பொறுமை போயிற்று.

“மேடம், நீங்க கொஞ்சம் அன்பாப் பேச மாட்டீங்களா?”

“அன்பு வேணும்னா வீட்டுல கேட்டு வாங்கிக்கோ. எனக்கு முத்திரை வேணும்.”

பள்ளிக்கு ஓடினாள். தலைமையாசிரியரின் அறை வாசலில் காத்துக் கிடந்து, முழு நிலவுபோல் ஒரு முத்திரையை வாங்கி அனுப்பினாள். “வந்துச்சு” என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது.

முடிவு வெளியாகும் மாலையில் மூவரும் சோபாவின் நுனியில் அமர்ந்திருந்தார்கள். முதலில் வந்தது பெரிய கல்லூரியின் செய்தி. அப்பா எழுந்து நின்றே வாசித்தார்.

“ ‘அன்பு மாணவரே! உங்களைப் போன்ற அரிய திறமையாளரைச் சந்தித்ததில் பெருமகிழ்ச்சி. எனினும்...’ ”

கைப்பேசியைக் கவிழ்த்துப் பிடித்தபடி அவர் உட்கார்ந்தார்.

“நாற்காலியை எடுத்துட்டாங்களாப்பா?” என்று சிரிக்க முயன்றாள் மகள். கண்கள் ஒத்துழைக்கவில்லை.

அப்போதுதான் கைப்பேசி ஒலித்தது. சிடுமூஞ்சியேதான்.

“இப்போ எதைக் காணோமாம்?” என்று மூக்கை உறிஞ்சியபடி எடுத்தாள்.

“உனக்கு இடம் கிடைச்சிருக்கு. திங்கட்கிழமை வந்து சேரு. அசல் சான்றிதழ் எதையாவது மறந்துட்டு வந்து நின்னே, அப்புறம் இருக்கு உனக்கு!”

“அம்மா... கிடைச்சிருச்சும்மா!”

அம்மா சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு ஆடத் தொடங்கினாள். அப்பா மகளைத் தூக்கிச் சுற்ற முயன்றார்; முடியாமல் இருவருமாகச் சோபாவில் விழுந்தார்கள்.

“என்ன சத்தம் அங்கே?” என்று அதட்டியது கைப்பேசி.

“எங்கம்மா ஆடுறாங்க மேடம்!”

“கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வரப் போறாங்க. மெதுவா ஆடச் சொல்லு.”

அந்தக் குரலிலும் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்ததுபோல் தோன்றியது. மகளுக்குத் துணிச்சல் வந்தது.

“கோவிச்சுக்காதீங்க மேடம், ஒண்ணு கேக்கறேன். இப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திட்டுறதுதான் உங்க வேலையா?”

மறுமுனை, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தணித்துக்கொண்டது.

“குறை இருக்கிற விண்ணப்பத்தை ஓரமா ஒதுக்கி வைக்கத்தாம்மா எனக்குச் சம்பளம். கூப்பிட்டுத் திட்டுறதுக்கு இல்ல.”