மனம் மாறியவர்

"தொழிலாளர்களைத் தவறான பாதையில் அழைத்துச் சென்றதற்காக மனப்பூர்வமாக வருந்துகிறேன்" என்று சாகுல் ஹமீதின் டீக்கடை வானொலியில் அரங்கசாமியின் குரல் கேட்டது. அரங்கசாமியோ துணிமூட்டையும் கையுமாகக் கடை வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

போன வாரம் பதிவு செய்த பேச்சு அது. அவன் சிறையிலிருந்து வெளியே வருகிற அன்றைக்கேவா போட வேண்டும், அதுவும் மூன்று மணிச் செய்தியில்? முதல் ஷிஃப்ட் முடிந்து ரப்பர் ஆலை ஆட்களெல்லாம் டன்லப் ஸ்திரீட்டில் டீ குடிக்கிற நேரம்.

கடைக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுடைய சங்கத்துக்குச் செயலாளராக இருந்து, வழக்கும் இல்லாமல் விசாரணையும் இல்லாமல் இரண்டு வருஷம் உள்ளே கிடந்தவன் அரங்கசாமி. அன்றைக்கு அவன் பேச்சைக் கேட்க மழையில் நின்றவர்கள், இன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூசி டீக் கிளாஸைப் பார்த்தார்கள்.

வடிவேலு மட்டும் எழுந்து வந்தான். சங்கத்தில் அவனைச் சேர்த்துவிட்டதே அரங்கசாமிதான்.

"அண்ணே, ரேடியோவில பேசினது மனசாரப் பேசினதா?"

"மனசாரத்தான்." அரங்கசாமி மூட்டையைக் கீழே வைத்தான். "வயிறு காயுற இடத்துல கொள்கை எந்த மூலைக்குடா? நான் உள்ள உக்காந்து தத்துவம் பேசிக்கிட்டிருந்தப்ப, என் சம்சாரம் வெளியில என்ன பாடு பட்டுச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"தினம் பாத்தோம்ண்ணே."

அரங்கசாமியும் அதைப் பார்த்துவிட்டுத்தான் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டான். இரண்டு மாதத்துக்கு முன்னால் பாக்கியம் அவனைப் பார்க்க வந்தபோது, அவள் விரல்களெல்லாம் மை பூசினாற்போல் நகக்கண் வரைக்கும் கறுத்துக் கிடந்தன. நடுவில் கம்பிவலை. பக்கத்தில் தமிழ் தெரிந்த காவலர்.

"எங்கயாச்சும் பாத்திரம் தேய்க்கிறியா?" என்று கேட்டான்.

அவள் காவலரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமா" என்றாள்.

அவ்வளவுதான், ஆடிப்போய்விட்டான். "சங்கமா சோறு போடும்?" என்று கல்யாணமான நாளிலிருந்து தலையில் அடித்துக்கொண்டவள் அவள். மாலையும் கைத்தட்டலும் இவனுக்கு, கரிச்சட்டி அவளுக்கா? அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டான்.

முதலில் பொய்யாகத்தான் எழுத உட்கார்ந்தான். வெளியே வந்தால் போதும், யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தான். இது போதாது, இன்னும் தெளிவாக எழுது என்று திருப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். நாலாவது தடவை எழுதும்போது, தான் எழுதுவது நிஜம்தானோ என்று அவனுக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. மனுஷ மனம் அப்படித்தான், பலமுறை சொன்னதை நம்பித் தொலைக்கும். அதற்குப் பிறகு அவனைத் தனியறையில் வைத்தார்கள். யாரையும் பார்க்க விடவில்லை.

"நீங்க இல்லாம சங்கம் படுத்துரும்னுதான் நினைச்சோம்" என்றான் வடிவேலு. "போன மாசம் புது செக்ரட்டரி எடுத்தோம். முதல்ல சும்மா நோட்டீஸ் அச்சடிச்சுக் குடுக்க வந்தவங்கதான். அப்புறம் நீங்களே தோத்தீங்க, அப்படி வேலை. இன்னிக்குக் காலையில வந்து பிடிச்சுட்டுப் போயிட்டாங்க."

அரங்கசாமிக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் நிம்மதிதான். இனி அந்தக் கம்பிவலைக்குப் பின்னால் வேறு எவனோ நிற்பான், அவன் பெண்டாட்டி அழுவாள். பாக்கியம் அழ வேண்டியதில்லை.

"நல்லதாப் போச்சு. ஆறு மாசம் உள்ள இருந்தாத் தன்னால புத்தி வரும். என்னை மாதிரி கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வரட்டும்."

"போடமாட்டாங்கண்ணே."

"நானே போட்டுட்டேன்ல."

வடிவேலு அவனை உற்றுப் பார்த்தான். பாதி டீயை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கிப் போனான். மற்றவர்களும் காசை வைத்துவிட்டு அவன் பின்னாலேயே போய்விட்டார்கள்.

போகட்டும். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? துரோகி என்று சொல்லட்டும், பயந்தாங்கொள்ளி என்று சொல்லட்டும். கடைக்கு நேர் மேலேதான் அவர்களுடைய அறை. ஏறிப் போய்ப் பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ சொன்னதுதான் சரி, இனி சங்கமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், உன்னை உட்கார வைத்துச் சோறு போடுகிறேன் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை அவமானத்தையும் விழுங்கினான்.

மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"பாய், பாக்கியம் மேலதான இருக்கு?"

சாகுல் ஹமீது வானொலியை அணைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து மாடி அறைச் சாவியை எடுத்து, அவன் முகத்தைப் பார்க்காமல் அவன் முன்னால் வைத்தார்.

"வேலைக்குப் போயிருக்கா?"

"இல்ல தம்பி. வடிவேலு சொன்ன புது செக்ரட்டரி, உன் சம்சாரந்தான்."