வீட்டுச் சூழ்நிலை

“பெரியோர்களே, பெற்றோர்களே, இந்தப் பள்ளியின் வரலாறு இன்றைய கூட்டத்தோடு இரண்டாகப் பிரிகிறது” என்று அறிவித்தார் ஈசாக் சார்.

பத்தாம் வகுப்பு ஏ பிரிவு அறைக்கு மைக் தேவையில்லை. ஈசாக் சாருக்குத் தேவைப்பட்டது. பெற்றோர் சங்கத் தலைவரான அவருக்குப் பாறசாலையில் சொந்தமாகப் பந்தலும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடும் கடை இருந்தது. அதனால் அவர் எங்கே போனாலும் ஸ்பீக்கர்களும் கூடவே போகும்.

“பெற்றோரின் சமூகப் பொருளாதார நிலைதான் மாணவரின் கல்வித் தரத்தை நிர்ணயிக்கிறது. இதை நான் சொல்லவில்லை, ஆராய்ச்சி சொல்கிறது.”

அந்த ஆராய்ச்சியை அவர் காரில் வரும்போது போனில் படித்திருந்தார். பாதி முடிவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிட்டது.

“வீட்டில் சூழ்நிலை இல்லாத ஒரு பிள்ளை இந்த வகுப்பில் இருந்தால் மற்ற பிள்ளைகளுக்கும் ஆபத்து. ஆகவே, கடைசி மார்க் வாங்கிய பிள்ளை இன்றே சி பிரிவுக்கு மாற்றப்படும். சிறப்புக் கவனிப்பு. டீச்சர், யார் அது?”

சி பிரிவு சைக்கிள் ஷெட்டை ஒட்டி இருந்தது. பிள்ளைகள் அதை ‘ஷெட் டிவிஷன்’ என்பார்கள். அங்கே போன எவரும் திரும்பி வந்ததில்லை.

வகுப்பாசிரியை பிந்து எழுந்தார். “கணக்குல எட்டு மார்க்கு வாங்கின ஒரு பிள்ள உண்டு சாரே. பேரு வந்து…”

“பெயர் வேண்டாம். எவருடைய தன்மானமும் புண்படக் கூடாது. அந்தப் பிள்ளைக்காக யார் வந்திருக்கிறார்கள்? அதைச் சொன்னால் போதும்.”

கடைசி பெஞ்சிலிருந்து ஜெயபாய் எழுந்தாள்.

ஈசாக் சாருக்கு உள்ளூர ஒரு திருப்தி. வீட்டு வேலைக்குப் போகிறவள். மகள் அஞ்சு இந்த வகுப்புதான். ஆராய்ச்சியே சேலை கட்டிக்கொண்டு எதிரே வந்து நிற்கிறது.

“நான் வந்திருக்கேன் சாரே. பிள்ளய சி டிவிஷனுக்கு விட முடியாது.”

“முடியாது என்று சொல்ல நீ யார்?”

“காலையில ஒறக்கத்துல இருந்து தட்டி எழுப்பி, சோத்துப்பொதி கெட்டிக் குடுத்து, பஸ் ஏத்தி விடுதது நானாக்கும். பின்ன யாரு சொல்லணும்?”

“நீ வேலைக்குப் போய்விட்டால் பிள்ளைக்கு யார் சோறு போடுவது?”

“நான் வேலைக்குப் போனாத்தான் சாரே அந்தப் பிள்ளைக்குச் சோறு.”

பெற்றோரில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா இருமலா என்று ஈசாக் சாருக்குப் பிடிபடவில்லை.

“அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து ஒரு நாளாவது கேட்டதுண்டா?”

“வீட்டுல இருந்தாத்தானே கேக்கியதுக்கு? விடியும்போ போவாரு, இருட்டின பெறகு வருவாரு. வந்தா ஒரே பிரசங்கம். பிள்ள போர்வய இழுத்து மூடிட்டுக் கெடக்கும்.”

ஈசாக் சார் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “கவனித்தீர்களா? குடி. உள்ளே போனால் எல்லோரும் பிரசங்கிகள்தான்.”

“அவரு குடிக்க மாட்டாரு சாரே.”

“பாவம், இந்த நிலையிலும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள்.”

“சாரே, ஒரு நிமிஷம்…” என்று ஆரம்பித்தார் பிந்து டீச்சர்.

“உட்காருங்கள் டீச்சர். விஞ்ஞானம் பேசும்போது குறுக்கிடக் கூடாது.”

டீச்சர் உட்கார்ந்தார். ஜெயபாய் உட்காரவில்லை.

“உங்க விஞ்ஞானம் ஒரு பக்கம் கெடக்கட்டு. மார்க்கு கொறஞ்சதுக்குத் திட்டுங்க, கேட்டுக்கிடலாம். வீடு சரியில்லன்னு பிள்ளயத் தூக்கி ஷெட்டுக்குப் பக்கத்துல எறியப்பிடாது. வீட்ட என்ன, பிள்ளயா தெரிஞ்சு எடுத்துது? எனக்குத் தலவலின்னா சுக்குவெள்ளம் போட்டுத் தாற பிள்ளயாக்கும் அது. அதுக்க மனசு எந்த ஆராய்ச்சியில உண்டு?”

அறையில் சத்தமில்லை. சத்தமில்லாத இடம் ஈசாக் சாருக்கு ஆகாது.

“உணர்ச்சி வேறு, தீர்மானம் வேறு. பிள்ளை சி பிரிவுக்குப் போகிறது. வந்து கையெழுத்துப் போடு.”

“எல்லா மீட்டிங்குக்கும் நான்தான் ஒப்பு போட்டேன். இதுக்குப் போட மாட்டேன். வேணும்னா அப்பன் போடட்டு. இன்னைக்கு அவரு இஞ்சதான் உண்டு.”

ஈசாக் சாரின் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு வாய்ப்பு எந்த மேடையிலும் அவருக்குக் கிடைத்ததில்லை. மைக்கை வாய்க்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோனார்.

“இங்கேயா? மிக நன்று. எழுந்து நிற்கச் சொல். பெற்ற பிள்ளையைத் திரும்பிப் பார்க்காத அந்த மகானை ஊர் ஒரு தடவை பார்க்கட்டும்.”

“அவரு அப்பமே எழும்பித்தான் நிக்காரு சாரே” என்று சொல்லிவிட்டு ஜெயபாய் உட்கார்ந்தாள்.

ஈசாக் சார் அறை முழுவதும் தேடிப் பார்த்தார். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“பேரு ஜிஜின், சாரே” என்றார் பிந்து டீச்சர்.

ஜெயபாய் வேலை பார்ப்பது ஈசாக் சாரின் வீட்டு அடுக்களையில்; ஜிஜின் அவருடைய ஒரே மகன்.