சிரட்டைத் தேத்தண்ணி

சந்தேகமே இல்லை. உபதேசியார் இராயப்பன் கீழ் லயத்து வீட்டு வரிசையிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். சவரியாயி தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டாள்.

"பாத்தீங்களா கூத்த! அன்னம்மா வீட்டுல கை நனைச்சிட்டு வர்றாரு மனுசன்" என்று வீட்டுக்குள் திரும்பிக் கத்தினாள். உள்ளே அவள் புருசன் மதலைமுத்து கங்காணி கம்பளிக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "அடுத்தவங்க சாப்பாட்டுச் சங்கதி நமக்கு எதுக்கு?" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

எதுக்காமே! வட்டகொடைப் பக்கத்து இந்தத் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் மேல் லயத்துச் சனம் முன்னால் பாயில் உட்காரும். கீழ் லயத்துச் சனத்துக்குக் கதவோரம் வெறுந்தரை. ஆண்டவரே வந்து இடம் பிரித்துக் கொடுத்ததுபோலத்தான் சவரியாயி பேசுவாள்.

புதிதாக வந்த இந்த உபதேசியாரோ, கிறிஸ்து பிறப்புக்கு முந்திய ஆகமன காலத்து முதல் ஞாயிறே குண்டைத் தூக்கிப் போட்டார். "மாதாவுக்கும் சூசையப்பருக்கும் எடமில்லேன்னு கதவச் சாத்துனவங்களும் நம்மளப் போல செபம் சொன்னவங்கதான். இந்த நத்தார்ப் பூசைக்கு எல்லாரும் ஒரே பாயில உக்காருவோம்" என்றார். அன்றிலிருந்து சவரியாயிக்குத் தூக்கம் போயிற்று. யார் இந்த ஆள்? என்ன ஆளுங்க? ஊரைக் கேட்டால் "பட்டிப்பொலப் பக்கம்மா" என்கிறார். அப்பன் பேரைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

விடுவாளா அவள்? விசாரித்து வரச் சொல்லிப் புருசனைப் பட்டிப்பொலைக்கு ரயிலேற்றினாள். போனவர் சாயங்காலம் திரும்பி வந்து, "அங்க யாருக்கும் அவரத் தெரியலயாம்" என்று சொல்லிவிட்டு, சோறும் வேண்டாமென்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"பொறந்த ஊர்லயே தெரியாதாமா? ஒண்டிக்கட்டையா தோட்டத்துக்கு வந்த ஒங்கள நம்பி எங்கப்பாரு என்னயக் கட்டிக் குடுத்தாரு. ஒரு ஆள விசாரிக்கத் துப்பில்லயே ஒங்களுக்கு!" என்று பொரிந்து தள்ளினாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளாகவே அவர் போக்கும் சரியில்லை. கோயிலில் முதல் ஆளாக முன்பாயில் உட்காருகிறவர், உபதேசியார் வந்ததிலிருந்து பின்னால் நின்றுவிட்டுச் செபம் முடியுமுன்னே நழுவிவிடுகிறார். இவரை நம்பிப் பிரயோசனமில்லை, நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று சவரியாயி முடிவு கட்டினாள்.

ஆகமன காலத்தில் வீட்டுக்கு வீடு செபமாலை உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் கங்காணி வீட்டு முறை. மேல் லயமே அங்கே கூடியிருந்தது. செபம் முடிந்ததும் சவரியாயி எல்லோருக்கும் பித்தளைத் தம்ளரில் தேத்தண்ணி கொடுத்தாள். உபதேசியாருக்கு மட்டும் சிரட்டையில்.

எல்லோர் கண்ணும் அந்தச் சிரட்டைமேல் விழுந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த கங்காணி தம்ளரை வாயில் வைக்காமலே தரையில் வைத்தார். இராயப்பன் சிரட்டையை இரண்டு கையாலும் வாங்கி, ஊதிக் குடித்தார்.

"நல்ல தேத்தண்ணிம்மா."

அந்தச் சாந்தம்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் உபதேசியாரே, சிரட்டையில குடுத்தா கோவம் வரலியா? அப்ப நீங்க என்ன ஆளுங்க?"

"அன்னம்மா வீட்டு ஆளுங்கதாம்மா. அத மறைக்க எனக்கு என்ன இருக்கு?"

கூட்டம் சலசலத்தது. சவரியாயிக்கு வந்த வேகத்தில் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "அப்பறம் அப்பன் பேர மட்டும் ஏன் மறைக்கிற?"

"சொன்னா இங்க ஒருத்தருக்குச் சங்கடம். எனக்கில்ல. அதான் வேணாம்னு பாக்குறேன்."

"கேட்டீங்களா, மெரட்டுறான்! களவாணிக் குடும்பமா இருக்கும், அதான் ஊர்லயும் யாரும் வாயத் தொறக்கல" என்று கத்தினாள். புருசன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நாளைக்கே ஹட்டனுக்குப் போயி சாமியார்கிட்டச் சொல்லுங்க. இந்த ஆளு இருக்குற கோயிலுக்கு மேல் லயத்துல ஒரு குஞ்சு குளுவான்கூட வராது. நத்தாருக்கு முன்னாடி மூட்டையக் கட்டட்டும்!"

இராயப்பன்தான் எழுந்தார்.

"அவர எதுக்கும்மா அலைய விடுறீங்க? நானே போயிர்றேன். கீழ் லயத்துச் சனத்த மட்டும் பாயில உக்கார விடுங்க, அது போதும்" என்றார். செபப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"நில்லுடா!"

கங்காணிதான். விடியக்காலம் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அத்தனை பேரையும் அதட்டுகிற குரல் அது, இப்போது உடைந்து வந்தது. எழுந்து போய் இராயப்பனின் தோளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து கண்ணீர் தாரை தாரையாய் வழிந்தது.

"ஐயய்யோ, என்னங்க இது? அவனப் போயி தொட்டுக்கிட்டு!" என்று சவரியாயி பதறினாள்.

"இவன் எங்கண்ணன் மகன்டி."