குடும்பத்தில் ஒரு குடை

குடை பழுதுபார்க்கும் புத்தகத்தைக் நூலகப் பட்டியலில் 'குடும்பம்' என்ற பிரிவில் பதிவு செய்தவர், நூலகரான அவள் கணவர் ஒருவர்தான். கேட்டால், "ஒரு குடைக்குள்ள ரெண்டு பேர் ஒண்டி நின்னா அது குடும்பம்தானே?" என்று சமாளிப்பார்.

அவர் இறந்தபின் அதே வேலைக்கு வந்த அவள், சாப்பாட்டு நேரத்தில் மற்ற நூலகங்களின் இணையப் பட்டியல்களில் 'குடை' என்று தேடுவாள். எல்லாரும் ஒழுங்காகக் 'கைத்தொழில்' என்றே போட்டிருந்தார்கள்.

திங்களன்று, அவர் காலடியே வைக்காத தூரத்து நூலகம் ஒன்றில், அவர் இறந்தபிறகு இந்த ஆண்டு வெளியான குடைப் புத்தகம் 'குடும்ப'த்தில் இருந்தது. மறுநாள் பக்கத்து ஊர் நூலகத்தில். இன்று பக்கத்துத் தெருவில்.

"யாரோ தப்பாப் போட்டிருக்காங்கக்கா. திருத்தச் சொல்லவா?" என்றாள் உடன் வேலை செய்பவள்.

"வேண்டாம்டி. வர்றவர வழியில நிறுத்தாத."

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. அவள் பக்கத்தில் இடம்விட்டுக் குடையைச் சாய்த்துப் பிடித்து நடந்தாள். வீடு சேர்ந்தபோது அவளுடைய ஒரு தோள் மட்டும் நனைந்திருந்தது.