லோறன்ஸின் முதுகு

இத்தனை பேரும் வீட்டுக்குப் போனதும் கையைக் கழுவுவார்களா?

அனஸ்தாசியாவின் மனதில் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. உச்சமுனைக் கிராமத்தின் பாதிச் சனம் மெழுகுதிரியும் கையுமாக அவளுடைய முன்னறையில் வரிசையில் நின்றது. ஒவ்வொருவராகக் குனிந்து, சட்டையில்லாமல் குப்புறக் கிடந்த அவள் புருசன் லோறன்ஸைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விலகினார்கள். சிலர் அழுதார்கள். லோறன்ஸ் அசையவில்லை.

"இஞ்ச, அனஸ்," என்றான் லோறன்ஸ் தலையணைக்குள்ளிருந்து. "நடுவில கொஞ்சம் சொறிஞ்சு விடன். உயிர் போகுது."

"சொறியக் கூடாது!" கோயில் காரியம் பார்க்கும் மூப்பர் கையை உயர்த்தினார். "நகம் பட்டால் அன்னம்மாளின்ர முகத்தில கீறல் விழும்."

சண்டை முடிந்து மீன்பிடித் தடை எடுபட்டபின் லோறன்ஸ் கரையில் தங்கியதே இல்லை. ஈரச் சட்டை உடம்போடு காய்ந்து காய்ந்து, முதுகில் படர்தாமரை வந்தது. பெரிதாக ஒரு சிவந்த வட்டம், அதை ஒட்டிச் சின்னதாக இன்னொன்று. கற்பிட்டி டொக்டர் களிம்பு கொடுத்தார். "விடாமல் பூசினால் போயிடும். தொத்துற வருத்தம், கவனம்," என்றார்.

களிம்பின் மூடியைத் திறக்குமுன் மூப்பர் வந்துவிட்டார். முதுகைப் பார்த்தார், முழங்காலில் விழுந்தார். பெரிய ஒளிவட்டம் புனித அன்னம்மாள், சின்ன ஒளிவட்டம் மகள் மரியாள்.

"இதை மருந்து போட்டு அழிக்கிறது பாவம், அனஸ்தாசியா. பெருநாள் முடியுமட்டும் கை வைக்காத." சொல்லிவிட்டு, லோறன்ஸ் இடுப்பில் கட்டி அவிழ்த்துப் போட்டிருந்த சாரத்தையும் திருப்பண்டம் என்று நெஞ்சோடு அணைத்தபடி கொண்டுபோனார். தோணி ஏறிப் பூசை வைக்க எப்போதாவது வரும் சுவாமியாரிடம் கேட்கலாமென்றால், அவர் பெருநாளுக்குத்தான் வருவார்.

ஆட்கள் இல்லாத நேரத்தில் அவளும் அந்த முதுகைப் பார்த்தாள். சரிந்தும் நிமிர்ந்தும் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது லோறன்ஸ் மட்டும்தான். வலை இழுத்துத் தடித்த தோள், கயிறு வெட்டிய பழைய தழும்பு, அவள் ஒருத்தி மட்டும் அறிந்திருந்த மச்சம். அந்த மச்சத்தை இப்போது ஊரே தொட்டுக் கும்பிட்டது. தனக்குத்தான் விசுவாசம் போதாதோ என்று பயந்தாள். அந்தப் பயம்தான் களிம்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியது.

வட்டங்களோ பெருத்துக்கொண்டே போயின. சட்டை பட்டால் லோறன்ஸ் துடித்தான். தொழில் இல்லை, தூக்கம் இல்லை. "அன்னம்மா வளருறா," என்று சனம் பூரித்தது.

வரிசையின் கடைசி ஆளாகப் படகுக்காரப் பொடியன் நிலுக்சன் வந்தான். மடியிலிருந்து படகு எஞ்சினின் பிளக்கை எடுத்து, லோறன்ஸின் முதுகில் ஒரு இழுப்பு இழுத்தான்.

"டேய், என்னடா செய்யிறாய்?" என்றாள் அனஸ்தாசியா.

"எஞ்சின் ஸ்ராட் ஆகுதில்லை அக்கா."

அவன் போனபின் அந்தக் கரிக்கோட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க, இவ்வளவு நாளும் இருந்த பயம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

சனம் கலைந்துவிட்டது. மூப்பர் மட்டும் போகாமல் நின்றார்.

"இருங்க மூப்பர்," என்று கதிரையை இழுத்துப் போட்டாள்.

அவர் பின்வாங்கினார். "அன்னம்மாள முன்னால வச்சுக்கொண்டு நான் கதிரையில இருக்கிறதோ? நிண்டாலே போதும்."

கொஞ்ச நாளாகக் கோயிலிலும் அவர் நின்றபடிதான் செபிக்கிறார். என்ன பக்தி என்று ஊர் மெச்சிக்கொண்டிருந்தது.

அனஸ்தாசியா அலுமாரியைத் திறந்தாள். "கோவிக்காதீங்க மூப்பர். இண்டைக்கு நான் இவருக்குக் களிம்பு பூசப்போறன். பாவமெண்டால் என்ர தலையில விழட்டும்."

மூப்பர் கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. கையை நீட்டினார்.

"அதை என்னட்டைத் தா, மகள்."

"ஏன், கடல்ல எறியவோ?"

மூப்பர் வாசலை எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். குரல் இறங்கியது.

"எனக்கும் வந்திட்டுது."

"எங்க?"

மூப்பர் கதிரையைப் பார்த்தார்.

"அந்தச் சாரத்தை..." என்றார் கடைசியில். "உடுத்துக்கொண்டு படுத்தால் ஆசீர்வாதமெண்டு நினைச்சன், பிள்ளை."

"கற்பிட்டிக்குப் போய்க் காட்டுங்கவன்."

"அங்க நேர்ஸ் ஆரு? என்ர மருமகள். என்னெண்டு காட்டுறது?"

லோறன்ஸின் தலையணை மெல்லக் குலுங்கத் தொடங்கியது. அவன் சிரித்து எவ்வளவு காலம்.

அனஸ்தாசியா சிரிக்கவில்லை. "எத்தனை வட்டம், மூப்பர்?"

"ரெண்டு," என்றார் மூப்பர். "பெரிசு ஒண்டு, சின்னன் ஒண்டு."

அவள் களிம்பைப் பிதுக்கி, லோறன்ஸின் பெரிய வட்டத்தில் பூசினாள். பிறகு சின்ன வட்டத்தில். அவசரப்படாமல், கரை விடாமல். மூப்பரின் கை நீட்டியபடியே இருந்தது. அவள் மூடியைத் திருகி, களிம்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"அழிக்கிறது பாவம், மூப்பர்."