வடை சுற்றி வந்த தாள்

காலையில் வாசலில் வந்து விழுந்ததிலிருந்தே அன்றைய நாளிதழுக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் உலகத்துச் சேதியெல்லாம் அதன் மடியில்தானே! ஆனால் தணிகாசலம் அதை மேஜை மூலையில் போட்டுவிட்டுக் கைப்பேசியில் மூழ்கிவிட்டார். சாயங்காலம்வரை மடிப்புக்கூடக் கலையவில்லை.

டீ நேரத்தில், வடை சுற்றிய கிழிந்த தாள் ஒன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"எண்ணெய் நாத்தம் குடலைப் புடுங்குது! நீ எந்தத் தேதி?" என்றது நாளிதழ்.

"போன சித்திரைங்க" என்றது தாள்.

வடையைத் தின்றுவிட்டுத் தாளைக் கசக்கப் போன தணிகாசலம் சட்டென்று நிறுத்தினார். அதை நீவி, கண்ணாடி மாட்டி, கல்யாண மண்டபத்துக்குள் கரடி புகுந்த கதையை வரிவிடாமல் படித்தார். பாதியில் தாள் முடிந்துவிட்டது.

"கரடி பிடிபட்டுச்சா இல்லையான்னு தெரியலையே!" என்று புலம்பியபடி, மீதியைத் தேடி வடைக்கடைக்கே ஓடினார்.

நாளிதழ் மெல்லத் தாள் பக்கம் நகர்ந்தது.

"அண்ணே, அந்தக் கடைக்கு எப்படிப் போகணும்?"