பின்வரிசைக் கேள்வி

பின்வரிசையில் அலெக்சாண்டரின் கை உயர்ந்ததும் மண்டபமெங்கும் சிரிப்பு பரவியது.

"வந்திருச்சுலா, மாசாந்திரக் கேள்வி!" என்று தலைவர் சுகுமாரன் முணுமுணுத்தார்.

அலெக்சாண்டர் எழுந்து நின்று பணிவோடு கேட்டார். "சார், உயரத்துல ஏறுறவனோட பெல்ட்ட யாரு சோதிச்சுப் பாக்கணும்?"

"சேஃப்டி ஆபிசர்தான், சார்," என்றார் பேச்சாளர். சென்ற மாதம் வந்தவரும் அதற்கு முந்திய மாதம் வந்தவரும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

அது தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரிகள் சங்கத்தின் ஈப்போ கிளை. உரிமத்தைப் புதுப்பிக்கத் தேவையான பயிற்சிப் புள்ளிகளுக்காகவே உறுப்பினர் பலரும் மாதக் கூட்டத்துக்கு வருவார்கள். முடிவில் பரிமாறும் மீகூன் என்ற அரிசிச் சேமியா சுவையாக அமைந்துவிட்டால் இரட்டை மகிழ்ச்சி.

அதிகாரி வேலையை விட்டுவிட்டு ஈப்போவுக்குக் குடிவந்த அலெக்சாண்டருக்குப் புள்ளிகள் தேவைப்படவில்லை. வருகைத் தாளை மேலிருந்து கீழ்வரை வரி வரியாகப் படிப்பார். கையெழுத்திடும் இடத்தில் மட்டும் அவருடைய பேனா வெகுநேரம் தயங்கி நிற்கும். முதுமையின் தளர்ச்சி என்று செயலாளர் தினேஸ்வரி எண்ணிக்கொள்வாள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சித்தியவானில், ஒரு தொழிற்சாலைக் கூரையிலிருந்து விழுந்து அவருடைய ஒரே மகன் கோலின் இறந்துபோனான். அதை அவள் அறிந்ததே சென்ற வாரந்தான்.

"பாவந்தான். ஆனா வர்ற பேச்சாளருங்க சங்கடப்படுறாங்க. கேள்விய நிறுத்தச் சொல்லு, இல்லேன்னா அடுத்த வருஷம் மெம்பர்ஷிப் கெடையாது," என்று சுகுமாரன் அந்தப் பொறுப்பை அவள் தலையில் கட்டியிருந்தார்.

கூட்டம் கலைந்தது. மீகூன் தட்டைத் தொடாமல் அமர்ந்திருந்தவரின் அருகில் தினேஸ்வரி சென்று உட்கார்ந்தாள்.

"அங்கிள், தப்பா நெனைக்காதீங்க. புள்ளியும் வேணாங்கிறீங்க, மக்கானும் தொடறதில்ல. இந்தச் சங்கத்தால உங்களுக்கு என்ன பிரயோஜனம்?"

"ஒருத்தராச்சும் அந்தக் கேள்விக்கு வேற பதில் சொல்லமாட்டாங்களான்னுதான் வாரேம்மா. என்னைய நிறுத்திறாதீங்க. எனக்கு இத விட்டா கேக்க வேற எடமில்ல."

சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

"எல்லாம் கேள்விப்பட்டேன், அங்கிள். எத்தன நாளைக்குத்தான் மனசுல வச்சுக்கிட்டு வேகுவீங்க? கோலினோட பெல்ட்ட பாக்காம மேல ஏத்திவிட்ட அந்த ஆபிசர மன்னிச்சிருங்களேன்."

"முடியலம்மா. ஞாயித்துக்கிழம தவறாம கோயில்ல முட்டி போட்டு அழுவுறேன். முடியல."

"யாரு அந்த ஆளு? ஒரு தடவையாச்சும் நேர்ல பேசிப் பாத்தீங்களா?"

அலெக்சாண்டர் தம் வலக்கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்காமலே கையெழுத்துப் போட்டது நான்தாம்மா."